மாணவர் கேம்களில் எது காப்பி, எது கடன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி, கடலூர் கல்லூரிகளில் கணினித் துறை இறுதியாண்டு மாணவர்கள் பலர் புராஜெக்டாக மொபைல் கேம் செய்கிறார்கள். அதற்கு மதிப்பெண் போடும் இடத்தில் ஒரு தவறு தொடர்ந்து நடக்கிறது. ஒரு மாணவி குதித்து ஓடும் கேம் ஒன்றை முதல் வரியிலிருந்து தானே எழுதியிருப்பார். படம் வரையத் தெரியாததால் அதில் ஓடுவது வெறும் கட்டமாக இருக்கும். "மரியோ காப்பிதானே" என்று மதிப்பெண் குறையும். இன்னொரு குழு, இணையத்தில் விற்கும் ரன்னர் டெம்ப்ளேட்டை, அதாவது ஏற்கெனவே செய்துவைத்த ஓடும் கேமை, அதன் சோர்ஸ் கோடோடு (நிரலோடு) வாங்கி, ஓடுபவருக்கு நம்மூர் போலீஸின் சிவப்புத் தொப்பியை மாட்டி, பின்னால் கடற்கரைச் சாலையையும் காந்தி சிலையையும் ஒட்டியிருக்கும். அதற்கு 'சொந்தப் படைப்பு' என்று பாராட்டு கிடைக்கும். படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதால் வரும் வினை இது.

விளையாடும் முறையைக் கடன் வாங்காமல் கேம் துறை ஒரு நாளும் நகர்ந்ததில்லை. 1976இல் வந்த பிரேக்அவுட்டில் பந்தால் செங்கல் உடைப்பதைப் பார்த்துத்தான் ஜப்பானிய வடிவமைப்பாளர் டோமோஹிரோ நிஷிகாடோ 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் செய்தார். செங்கல் இருந்த இடத்தில் திருப்பிச் சுடும் எதிரிகள் வந்தார்கள். சுவரோரம் பதுங்கிச் சுடும் முறை 2003இன் கில் ஸ்விட்ச் கேமில் இருந்தது. 2006இல் கியர்ஸ் ஆஃப் வார் அதை எடுத்துக்கொண்டு, தோட்டா நிரப்பும்போது சரியான நொடியில் பொத்தானை அழுத்தினால் பலன் கிடைக்கும் என்ற புது விதியைத் தன் பங்குக்குச் சேர்த்தது. ஆடுபுலி ஆட்டத்தையோ பல்லாங்குழியையோ போன் கேமாகச் செய்யும் மாணவரும் விதிகள் முழுவதையும் கடன்தான் வாங்குகிறார். அதை யாரும் குறை சொல்வதில்லை, சொல்லவும் கூடாது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. நம் காப்புரிமை (பேடன்ட்) சட்டம், 1970இன் 3(எம்) பிரிவு, விளையாடும் முறையைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டைப் போலவே கொல்கத்தா சகோதரர்கள் இணையத்தில் செய்த ஸ்கிராபுலஸ் மீது, ஸ்கிராபிளின் உரிமை வைத்திருந்த மேட்டல் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2008இல் தில்லி உயர் நீதிமன்றம் ஸ்கிராபிள் பலகைக்கும் விதிகளுக்கும் பதிப்புரிமை (காப்பிரைட்) கோரியதை ஏற்கவில்லை. ஆனால் பெயர் வணிகக் குறியோடு குழம்புகிறது என்று அந்தப் பெயருக்குத் தடை போட்டது. அமெரிக்காவில் 2012இல் டெட்ரிஸ் வழக்கும் இப்படித்தான். விதியை எடுக்கலாம், கட்டைகளின் தோற்றம், 10க்கு 20 பலகை என்று அப்படியே தூக்கியது பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்பானது. மாணவர்கள் பயப்பட வேண்டியது பெயருக்கும் தோற்றத்துக்கும்தான். உலகச் சந்தையில் விற்க நினைப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விளையாடும் முறைக்கே காப்புரிமை கிடைப்பதுண்டு. பால்வேர்ல்டு என்ற கேமைச் செய்த நிறுவனத்தின் மீது நின்டெண்டோ 2024 செப்டம்பரில் டோக்கியோவில் தொடுத்தது காப்புரிமை வழக்குதான்.

கடன் வாங்கியவர் புரிந்து வாங்கினாரா என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த மாணவியின் குதித்தலையே எடுத்துக்கொள்வோம். 3 அலகு உயரம், உச்சிக்குப் போக 0.4 விநாடி. உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு 37.5 வரும், உயரத்தின் இரு மடங்கை வெறும் நேரத்தால் வகுத்தால் கிளம்பும் வேகம் 15. இறங்கும்போது ஈர்ப்பை ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ கூட்டினால்தான் குதித்தல் மிதக்காமல் கனமாக விழும். மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் சுமார் 0.1 விநாடி வரை குதிக்க விடுவதற்குக் கயோட்டி டைம் என்று பெயர். தரையைத் தொடும் முன்பே அழுத்தியதை நினைவில் வைத்து, தொட்டவுடன் குதிக்க வைப்பது ஜம்ப் பஃபர். 2018இல் வந்த செலஸ்ட் என்ற குதிக்கும் கேம் கையில் அவ்வளவு இதமாக இருப்பதற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணம்.

பார்த்து எழுதுபவர்கள் சறுக்குவதும் இங்கேதான். 0.1 விநாடி என்பதை 6 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) என்று எழுதிவிட்டால், விநாடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் போனில் சரியாக இருக்கும். 30 ஃபிரேமில் திணறும் மலிவு போனில் அதுவே 0.2 விநாடி ஆகி, ஆள் காற்றில் நடந்து போய்க் குதிப்பார். குதித்த நொடியில் கயோட்டி டைமரைப் பூஜ்யமாக்க மறந்தால், விரைந்து இருமுறை தட்டுபவருக்கு அந்தரத்தில் இன்னொரு குதி கிடைத்துவிடும். இந்தப் பிழைகளைத் தேடித் திருத்தியவருக்கு அந்தக் குதித்தல் சொந்தமாகிவிட்டது என்றே நான் சொல்வேன்.

ஆகவே வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் இப்படிக் கேட்கட்டும்: "உயரம் மாறக்கூடாது, உச்சிக்குப் போகும் நேரம் மட்டும் பாதியாக வேண்டும். இங்கேயே மாற்றிக் காட்டுங்கள்." ஈர்ப்பை நான்கு மடங்காக்கி 150 என்றும், வேகத்தை இரு மடங்காக்கி 30 என்றும் மாற்ற வேண்டும். தானே எழுதியவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். டெம்ப்ளேட் வாங்கியவருக்கு அந்த எண் எந்தக் கோப்பில் இருக்கிறது என்றே தெரியாது. டெம்ப்ளேட் வாங்குவது குற்றம் என்று சொல்லவில்லை. உரிமம் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மறைப்பதுதான் தவறு. ஒரே மாதிரி ஆப்களை ஸ்பாம் என்று கூகுள் பிளே விலக்குவதால், வெறும் தோல் மாற்றிய கேம் கடைக்குப் போகாமலே நின்றுவிடவும் கூடும்.

சட்டம் அனுமதிக்கும் கடனும் ஒருவரை நோகடிக்கலாம் என்பதை மாணவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். எண் கட்டைகளைத் தள்ளிச் சேர்க்கும் த்ரீஸ் என்ற புதிர் கேமை ஓராண்டுக்கு மேல் உழைத்து 2014 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே, ஒரு வார இறுதியில் எழுதப்பட்ட, அதே மாதிரியான 2048 என்ற கேம் இலவசமாக வந்து உலகையே பிடித்துக்கொண்டது. த்ரீஸில் ஒரு தள்ளலுக்குக் கட்டைகள் ஒரு கட்டம்தான் நகரும். 2048இல் கடைசி வரை வழுக்கிப் போகும். இது போன்ற மாற்றங்களே அதை எளிய, வேறொரு கேமாக்கியது. எனக்கு த்ரீஸ்தான் ஆழமான கேம். என்றாலும் 2048 செய்தவர் 1024 என்ற கேமைத் தழுவியதையும் த்ரீஸோடு உள்ள ஒற்றுமையையும் தன் பக்கத்திலேயே எழுதிவைத்தார்.

நம் மாணவர்களிடமும் அதையே கேட்கலாம். புராஜெக்ட் அறிக்கையின் முன்னால் ஒரு பக்கம்: எந்த கேமிலிருந்து எந்த முறை எடுக்கப்பட்டது, அதில் எந்த விதி மாறியது, ஏன், எந்த நிரலும் படமும் ஒலியும் வெளியிலிருந்து வந்தவை, அவற்றின் உரிமம் என்ன. மதிப்பெண்ணில் ஒரு பகுதி இந்தப் பக்கத்துக்கும் வைவாவில் அதை நிரூபிப்பதற்கும் இருக்கட்டும். கல்லூரிகள் இந்த ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்திலேயே இதைச் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
கேம் நிரலாக்கம் கற்பிக்கும் வாசகர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.