கஞ்சன்ஜங்கா சரி, பேலாப்பூர் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சபர்மதி ஆசிரமத்தின் காந்தி நினைவகம், ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திரா, போபால் சட்டப்பேரவை, லிஸ்பன் ஆய்வு மையம் என்று படங்களோடு நன்றாகவே இருந்தது. சென்னை கிரீம்ஸ் சாலையில் இருக்கும் எம்.ஆர்.எஃப். தலைமை அலுவலகமும் அவர் வரைந்ததுதான். தமிழ் வாசகர்களுக்கு அதையும் சொல்லியிருக்கலாம். போகட்டும், என் குறை அது இல்லை. அவர் கண்ட கனவு நவி மும்பையில் நனவானது என்று ஒரே வரியில் கட்டுரையாளர் முடித்துவிட்டாரே, அதுதான். 1987 முதல் இந்த ஊரில் குடியிருப்பவளுக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

முதலில், அது அவர் ஒருவருடைய கனவு அல்ல. 1964-65 வாக்கில், பம்பாய் வடக்கே மட்டும் நீண்டுகொண்டே போனால் மூச்சு முட்டிவிடும், கழிமுகத்தைத் தாண்டிக் கிழக்கே ஒரு புது நகரம் வேண்டும் என்று மூன்று பேர் எழுதினார்கள். கொரியா, கட்டடக் கலைஞர் பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரீஷ் படேல். அரசு ஒப்புக்கொண்டு, இன்றைய நவி மும்பையான அந்த நகரத்தைக் கட்ட 1970-ல் சிட்கோ என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கியது. 95 கிராமங்கள், 344 சதுர கிலோமீட்டர். எழுபதுகளின் முற்பாதியில் சிட்கோவின் தலைமைக் கட்டடக் கலைஞராக கொரியா இருந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதுதான்.

திட்டம் எளிமையானது. அரசு அலுவலகங்கள் புது நகரத்துக்கு மாற வேண்டும், பின்னாலேயே வேலையும் மக்களும் வருவார்கள். ரயில் பாதை முதுகெலும்பு மாதிரி நடுவில் ஓடும், ஸ்டேஷனைச் சுற்றிக் குடியிருப்புகள். இதில் நடந்தது என்ன? தலைமைச் செயலகம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே காலத்தில் தென் பம்பாயின் நாரிமன் முனையில் கடலைத் தூர்த்து அலுவலகக் கோபுரங்களை எழுப்பினார்கள். ஒரு கையால் ஊரை இழுத்துக்கொண்டே மறு கையால் தள்ளினார்கள்.

ரயில் கதை இன்னும் வேடிக்கை. நாங்கள் நவி மும்பையின் வாஷிக்கு வந்தபோது ஸ்டேஷனும் இல்லை, ரயிலும் இல்லை. என் கணவருக்குத் தென் பம்பாயில், கோட்டைப் பகுதியில் வேலை. விடியற்காலையில் பஸ் பிடித்து, கழிமுகப் பாலத்தைத் தாண்டி மான்குர்த் போய், அங்கிருந்து ஹார்பர் லைன் மின்ரயிலில் விக்டோரியா டெர்மினஸ். மழைக்காலத்தில் பாலத்தில் ஒரு லாரி நின்றுபோனால் அன்றைக்கு அரை நாள் லீவுதான். மான்குர்த்-வாஷி ரயில் 1992 மே மாதம் வந்தது. சிட்கோ பிறந்து 22 வருஷம் கழித்து! முதுகெலும்பு இல்லாமல் பிள்ளை அத்தனை வருஷம் தவழ்ந்தது. கனவு நனவானது என்று சொல்பவர்கள் இந்த 22 வருஷத்தை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

திட்டத்திலும் ஒரு கோணல் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். விவசாயிகளின் நிலத்தை அரசு குறைந்த விலைக்கு எடுத்து, மேம்படுத்தி, கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ரோடும் தண்ணீரும் ஏழைகளுக்கு வீடும் தருவது என்பதுதான் கணக்கு. காகிதத்தில் அழகு. ஆனால் நிலத்தைக் கொடுத்தவன் எங்கே போவான்? 1984 ஜனவரியில் இங்கே உரண் பக்கம் தி.பா. பாட்டீல் என்ற தலைவரின் தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மேம்படுத்திய நிலத்தில் பன்னிரண்டரை சதவீதத்தை உரியவர்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. கொரியா அதற்கு வெகு முன்பே சிட்கோவை விட்டுப் போயிருந்தார், உண்மைதான். ஆனாலும் அந்தக் கணக்கில் அவருக்கும் பங்கு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

உங்கள் கட்டுரையாளர், பம்பாயில் கொரியா கட்டிய கஞ்சன்ஜங்கா அடுக்குமாடிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். 28 மாடி, 32 வீடு, ஒவ்வொன்றுக்கும் வானத்தைப் பார்த்த தோட்ட மாடம். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அதே மனிதர் அதே எண்பதுகளில் நவி மும்பையின் பேலாப்பூரில், லிஃப்டே இல்லாமல், ஹெக்டேருக்கு 500 பேர் வசிக்கிற மாதிரி ஒரு குடியிருப்பை வரைந்தார். ஆர்ட்டிஸ்ட் வில்லேஜ் என்பார்கள். அது கட்டுரையில் இல்லவே இல்லை.

என் மராட்டியத் தோழி ஒருத்தியின் வீடு அங்கேதான். எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஒரு முற்றம், அதைச் சுற்றி ஏழு வீடுகள். ஓட்டுக் கூரை, சின்ன மனை. 45 சதுர மீட்டரிலிருந்து 75 வரை, அவ்வளவுதான், ஏழைக்கும் வசதியானவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அப்போதெல்லாம் ஏப்ரல் வந்தால் நான் ஜவ்வரிசி வடாமைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன். எங்கள் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் வெயில் ஏது? அவளுடைய பாப்படும் என் வடாமும் ஒரே முற்றத்தில் பக்கத்துப் பக்கத்தில் காயும். ஏழு வீட்டுப் பிள்ளைகளும் காக்கைக்குக் காவல், பாதி வடாம் அவர்கள் வயிற்றுக்குள்.

அங்கே எந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் கிடையாது. கையில் காசு வரும்போது அவரவர் இஷ்டப்படி வீட்டைப் பெரிதாக்கிக்கொள்ளட்டும், அதற்கு இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டாம் என்று அப்படிச் செய்தார். ஆட்கள் பெரிதாக்கினார்கள், எப்படி! ஓட்டு வீடுகளில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். கான்கிரீட், கண்ணாடி, மார்பிள் திண்ணை. கட்டடக்கலை மாணவர்கள் கேமராவோடு வந்து உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் தோழி மாடி எடுத்தபோது பக்கத்து வீட்டில் ஒரு விரிசல் விழவில்லை, ஒரு சண்டையும் வரவில்லை.

கார் வரும் என்றுதான் அவர் கணக்குப் போடவில்லை. போன கோடையில் போனபோது முற்றத்தில் மூன்று கார் நின்றன. தோழி அதற்கெல்லாம் அசரவில்லை. ஒன்றின் பானெட் மேல் பழைய வேட்டியை விரித்து என் வடாமைப் பிழிய ஆரம்பித்துவிட்டாள்.

இப்படிக்கு,
நெரூல் வாசகி,
நவி மும்பை