எம்.சி.ஆர். செருப்பும் ஒரு அரை அங்குல ஆணியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சபைகள் நடத்துகிற மருத்துவ முகாம்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த நான்கு நாளும் அதற்குக் கடிதங்கள். மாத்திரையைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். எங்கள் தியாகத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று இன்னொருவர் பாய்ந்தார். இரண்டு பேருமே ஒரு முகாமில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தவர்களாகத் தெரியவில்லை. நான் 2015-லிருந்து மாதம் ஒரு நாள் உட்கார்கிறேன். டாக்டர் இல்லை, போதகர் இல்லை. செருப்புத் தைக்கிறேன்.

அதுவும் என் பிழைப்புத் தொழில் இல்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில், பர்னிஷிங் பிரிவில், ரயில் பெட்டி இருக்கைகளுக்கு ரெக்ஸின் வெட்டித் தைத்து ஓய்வு பெற்றவன். சபையின் மருத்துவ ஊழியக் குழுவில் ஒரு நர்ஸ் இருக்கிறார். எங்களுக்கு அவர் சிஸ்டர். ஒருநாள் ஆராதனை முடிந்து வரும்போது வாசலில் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க ரெக்ஸின் தைச்சவர்தானே? கத்தி பிடிக்கத் தெரியுமே, எங்ககூட வாங்க." என்ன வேலை என்று வீட்டில் சொன்னதும் என் மைத்துனர், "ரிட்டையர் ஆகி செருப்புத் தைக்கவா போறீங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானம் எடுத்தும் அந்த அர்த்தம் நம்மைவிட்டுப் போகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் போவது செங்கல்பட்டுப் பக்கம், தொழுநோய் வந்து குணமானவர்கள் குடியிருக்கும் ஒரு இடத்துக்கு. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். அங்கிருந்து பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், பேப்பரில் பெயர் வந்தால் சிரமம் அவர்களுக்குத்தான். மாரியம்மன் கோயிலை ஒட்டி ஒரு வேப்பமரம், அதன் நிழலில்தான் எங்கள் மேஜை. கோயில் குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். பூசாரியே வந்து திறந்துவிடுவார்.

குணமானவர்களுக்கு எதற்கு முகாம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி போய்விடுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். அப்புறம் யாருக்கும் பரவாது. ஆனால் மருந்து கிடைப்பதற்குள் நரம்பு கெட்டுப்போயிருந்தால், போன உணர்ச்சி திரும்பி வருவது அபூர்வம். முதல் மாதம் சிஸ்டர் ஒரு பாட்டியின் பாதத்தைச் சோதித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "கண்ணை மூடிக்குங்கம்மா, நான் தொடுற இடத்தைக் கையால காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, பால்பாயின்ட் பேனா முனையை மெதுவாக வைத்து வைத்து எடுத்தார். குதிகாலில், விரல் அடியில், நடுவில் என்று ஆறேழு இடம். பேனாவை மூடிப் பையில் போட்டும் ஆயிற்று. பாட்டி கண்ணை மூடியபடியே, "எப்பம்மா ஆரம்பிப்பே?" என்று கேட்டார்.

நமக்குக் காலில் ஒரு கொப்புளம் வந்தால் தன்னால் நொண்டுகிறோம். அந்த நொண்டல்தான் புண்ணை ஆற விடுகிறது. அவர்களுக்கு நொண்டத் தெரியாது. புண்ணின் மேலேயே நடந்து நடந்து, எலும்பு வரை போய்விடும். இந்த நோயில் சதை தானாக அழுகி விரல் விழுகிறது என்றுதான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். வலி தெரியாமல் அடிபட்டும் சுட்டுக்கொண்டும்தான் விரல் போகிறது என்று வேலூரில் எடுத்துக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்த மிஷனரி பிள்ளை. மருத்துவம் படிப்பதற்கு முன் இங்கிலாந்தில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம். 1946-ல் வேலூருக்கு வந்து, மடங்கிப்போன விரல்களைத் தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். அதோடு விடாமல் நோயாளிகளின் செருப்பிலும் கை வைத்தார். கைவேலை தெரிந்த டாக்டருக்குத்தான் அது தோன்றும்.

அந்தச் செருப்புக்கு எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு என்று பெயர். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். அதன் மேல், உள்ளே சின்னச் சின்னக் காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர், உடம்பின் பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பரப்பிவிடும். விரலிடுக்கில் வார் கிடையாது. குதிகாலுக்குப் பின்னால் வார் கட்டாயம், இல்லாவிட்டால் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து போய்விடுவார்கள். மடங்கிய விரலால் பக்கிள் மாட்ட முடியாதவர்களுக்கு வெல்க்ரோ. சொல்யூஷன் போட்டு ஒட்டலாம், நூலால் தைக்கலாம். ஆணி மட்டும் கூடாது. முதல் நாளே சிஸ்டர் இதை மூன்று தடவை சொன்னார்.

நான் அடித்தேன்.

2016 பிப்ரவரி, இரண்டாம் சனிக்கிழமை. அன்று நல்ல கூட்டம். ஒரு பெரியவரின் செருப்பில் சொல்யூஷன் சரியாகக் காயாமல் வார் பிதுங்கிப் பிதுங்கி வந்தது. வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். என் பையில் ஐ.சி.எஃப். காலத்து டப்பா ஒன்று கிடந்தது, அதில் அரை அங்குல ஆணிகள். வார் முனை நகராமல் இருக்க அடிப்பக்கமாக ஒன்றை இறக்கினேன், ஒட்டிக்கொண்டதும் பிடுங்கிவிடலாம் என்று. அப்புறம் அடுத்த ஆள் வந்தார், மறந்தே போனேன். கொடுக்கும்போது உள்பக்கம் விரலால் தடவியும் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. மெத்தென்ற ரப்பர் அல்லவா, மனுஷன் பாரம் இறங்கினால்தான் முனை மேலே வரும்.

மார்ச் மாதம் போனபோது கால் கழுவுகிற பையன் வரவில்லை. சிஸ்டர் என்னை டப்புக்கு முன்னால் உட்கார வைத்தார். காலைப் பச்சைத் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவிட்டு, காய்ப்பைக் கல்லால் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். மூன்றாவதாக அந்தப் பெரியவர் வந்து காலை வைத்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கியது. காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே கொத்தமல்லி விதை அளவில் ஒரு துவாரம், சுற்றிலும் வெள்ளை வெளேரென்று ஊறிப்போன தோல். சிஸ்டர் அவருடைய செருப்பை வாங்கித் தரையில் வைத்து, உள்ளங்கையை உள்ளே கொடுத்து, முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். கையை எடுத்து என்னிடம் காட்டினார். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. ஒரு வார்த்தை பேசவில்லை.

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. அப்புறம் சொன்னேன். "ஐயா, அது நான் அடிச்ச ஆணி." அவர் குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பது மாதிரித் தன் காலைப் பார்த்தார். "ஒரு மாசமாவா தம்பி? இதோடயா நான் மதுராந்தகம் வரைக்கும் போயிட்டு வந்தேன்?" என்று சிரித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "சரி, தேய்ச்சு விடு, வேன் கிளம்பிடப் போவுது" என்றார்.

புண்ணில் படாமல் சுற்றிலும் தேய்த்தேன். கை நடுங்கியது. தேவபிரசன்னம் என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். கீபோர்டில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, இப்போது பிரசன்னம் நிரம்புகிறது என்பார்கள். கிண்டல் பண்ணவில்லை, எனக்கும் அப்படிக் கண் கலங்கியதுண்டு. ஆனால் அந்த வேப்பமர நிழலில் பாட்டில்லை, ஜெபமில்லை, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் யாரோ மைக் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தார். என் கையில் நான் துளைத்த ஒரு கால். அதன் சொந்தக்காரர் என்னிடம் சாதாரணமாக மழையைப் பற்றியும் பேரனைப் பற்றியும் பேசிக்கொண்டே இருக்கிறார். ஆண்டவர் அங்கே இருந்தார். எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எழுத மாட்டேன். இருந்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகப் பெரிய வெள்ளிப் பிரசங்கம் கேட்கிறேன், ஆணி அடித்தவர்கள் எப்போதும் எங்கோ தூரத்துச் சிப்பாய்கள். அந்த வருஷம் மார்ச் 25-ல் பெரிய வெள்ளி வந்தது. மும்மணி ஆராதனை முழுக்க நான் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரியவருக்குக் கட்டுப் போட்டு, மாவுக்கட்டும் போட்டு, புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு எந்தச் செருப்பையும் நானே காலில் போட்டுப் பத்து அடி நடந்து பார்க்காமல் கொடுப்பதில்லை. ரிப்பேருக்கு வருகிற பழைய செருப்பையும்தான். எழுத எளிதாக இருக்கிறது. அவர்கள் குணமானவர்கள், செருப்பில் ஒட்டிக்கொண்டு வருகிற நோய் இல்லை இது, எல்லாம் மூளைக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை. முதல் பழைய செருப்பு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது சிஸ்டருக்கு மட்டும் தெரியும். பெரியவர் தூரத்தில் பீடி பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பீடி நெருப்பு விரலைச் சுடுவது தெரியாது என்று சிஸ்டர் அவரை மாதாமாதம் திட்டுவார், அவர் கேட்டதில்லை. நான் நடந்து முடித்ததும் பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்து, "எனக்கு வலிக்காததை நீ பாத்துச் சொல்றியா?" என்றார்.

இப்போது உங்கள் கடிதக்காரர்களுக்கு வருகிறேன். மதமாற்றம் என்று எழுதியவர் முழுக்கத் தப்புச் சொல்லவில்லை. எங்கள் குழுவிலும் ஆரம்பத்தில் முதலில் பாட்டு, சின்னப் பிரசங்கம், ஜெபம், அதற்கப்புறம்தான் டோக்கன். புண்ணோடு வந்தவர்கள் ஒன்பது மணியிலிருந்து காத்திருப்பார்கள். சிஸ்டர்தான் சண்டை போட்டு மாற்றினார், முதலில் டிரஸ்ஸிங், ஜெபம் வேண்டியவர்கள் கடைசியில் இருக்கட்டும் என்று. ஆண்டவரைப் பின்னால் தள்ளுகிறோம் என்று குழுக் கூட்டத்தில் சிஸ்டருக்கு எதிராகப் பேசியவன் நான்தான். இப்போது கடைசியில் எட்டு பேர் இருப்பார்கள், சில மாதம் மூன்று பேர். பெரியவர் ஒருநாளும் இருந்ததில்லை. போன வருஷம் காலமானார், மாரியம்மன் பக்தராகவே. நான் அவருக்காக ஜெபித்தேன், அவரிடம் கேட்காமலே. அது சரியா தப்பா என்று வேதம் படித்தவர்கள் சொல்லட்டும்.

தியாகம் என்று எழுதியவர் டாக்டர் ஐடா ஸ்கடரை இழுத்திருந்தார். ராணிப்பேட்டையில் பிறந்த அந்தப் பெண், ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டியதால் டாக்டரான கதையை எங்கள் ஞாயிறு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். திண்டிவனத்தில் நடந்தது. மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஆண் டாக்டரான ஐடாவின் அப்பாவை உள்ளே விட அந்த வீட்டுக்காரர்களுக்குச் சம்மதமில்லை. ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். கதை சொல்கிறவர்கள் அங்கிருந்து 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைக்கும், 1918-ல் பெண்களுக்குத் தொடங்கிய மருத்துவப் பள்ளிக்கும் ஒரே தாவாகத் தாவிவிடுவார்கள். பெருமைதான், எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணை ஆண்டவர் கூப்பிட்டது தியாகம் செய்த நாளில் இல்லையே. ஒன்றும் செய்ய முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரியில் அல்லவா?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சண்டைக்கு ஒதுக்கிய இடத்தில் கால் பக்கம் தொழுநோய்க்கு ஒதுக்குங்கள். 2005 முடிவில் நாட்டளவில் ஒழித்தாயிற்று என்று அறிவித்ததோடு பலர் மறந்துவிட்டார்கள், இன்றும் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். உடம்பில் நிறம் வெளுத்த, தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் இருந்தால் வெட்கப்படாமல் காட்டச் சொல்லி எழுதுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிட்டால் என் செருப்புக்கு வேலையே வராது.

பேனா சோதனையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த பாட்டியைச் சொன்னேன் அல்லவா? தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற சட்டப்பிரிவை 2019-ல்தான் எடுத்தார்கள். அந்தம்மாவின் புருஷனுக்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை, ஒரு ராத்திரி பஸ் ஏறிவிட்டார். அடுத்த மாதம் தாம்பரத்தில் பேத்திக்குக் கல்யாணம். கறுப்பு எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தாலே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துவிடுகிறாராம். "தம்பி, ஆஸ்பத்திரிச் செருப்பு மாதிரி இல்லாம ஒண்ணு தைச்சுக் குடு, முன்னாடி வரிசையில உக்காரணும்" என்றார். பெரியமேட்டில் இரண்டு நாள் அலைந்து மெரூன் ரெக்ஸினும் தங்க நிறப் பக்கிளும் வாங்கினேன். பக்கிள் பார்வைக்குத்தான், அடியில் வெல்க்ரோ. விரல்கள் குறைந்த சின்னக் கால், அந்தச் செருப்பில் என் கால் நுழையாது. உள்ளங்கையை வைத்து உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு, இடம் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் குத்தவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.சி.எஃப். தொழிலாளி,
அயனாவரம், சென்னை.
(பெயர் வெளியிட வேண்டாம்.)