ஏலத்தில் கை தூக்குவதற்கு முன்

திஜோன், பிரான்ஸ்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. தங்கைக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. புதுச்சேரி வீட்டு மாடி இந்த மழையிலும் ஒழுகியதாம். அடுத்த மாதம் போய்க் கொத்தனாரைப் பார்க்க வேண்டும்.

உன் அறுபதாம் கல்யாணத்துக்காக, நீ பிறந்த 1966ஆம் ஆண்டின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயினை லண்டன் ஏலத்தில் ஆறு பாட்டில் எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். இரவு முழுக்க அதே யோசனையாக இருந்தேன்.

எட்டு வருடங்களுக்கு முன் நானும் அப்படி 1970ஆம் ஆண்டு ஒயின் ஆறு பாட்டில் எடுத்தேன். ஒயின் மட்டம் பாட்டிலின் தோள்பட்டை நடுவரை இறங்கியிருக்கிறது என்று ஏலப் பட்டியலிலேயே அச்சிட்டிருந்தார்கள். வயதானால் கொஞ்சம் குறையத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். தக்கை தளர்ந்து ஒயின் ஆவியாகப் போன இடத்தில் காற்று வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு பாட்டில் புளித்த காடியாகிவிட்டது. ஒன்றில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. அது தக்கையின் நோய், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. இரண்டில் உயிரே இல்லை. கடைசி ஒன்று மட்டும் புகையிலையும் உலர்ந்த இலையுமாக மணந்தது. அந்த மணத்தை இன்றும் மறக்கவில்லை. ஏலக்காரர்களிடம் முறையிட்டபோது, உள்ளது உள்ளபடி விற்றோம் என்றார்கள். ஏலத்தொகைக்கு மேல் 24 விழுக்காடு கமிஷன் வேறு கட்டியிருந்தேன்.

கெட்டுப்போவதாவது இயற்கை. போலியை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. இங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில் மொரே சேன் தெனி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒயின் செய்யும் பொன்ஸோ குடும்பத்தின் 'குளோ சேன் தெனி' ஒயின், 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகளைப் போட்டு, 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே எண்பதுகளில்தான்! அந்தக் குடும்பத்தின் லோரான் பொன்ஸோ தானே நியூயார்க் போய் நின்றார். அந்தப் பாட்டில்களை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அவற்றைக் கொடுத்தவர் ருடி குர்னியவான். 2012இல் கலிபோர்னியாவில் அவரைக் கைது செய்தபோது வீடு முழுக்க லேபிள்கள், தக்கைகள், முத்திரைகள். விருந்துகளில் குடித்து முடித்த அரிய ஒயின்களின் காலி பாட்டில்களைக்கூடக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வாராம். 2014இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் அவர் விற்ற போலிகள் எத்தனை நிலவறைகளில் இன்னும் படுத்திருக்கின்றனவோ, அவை மறுபடி ஏலத்துக்கு வராது என்று யார் சொல்வது?

அதனால், லேபிளைப் பார்க்காதே. இந்தப் பாட்டில் இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று எழுத்தில் கேள். 2018 அக்டோபரில் நியூயார்க்கில் எங்கள் புர்கோஞ் பகுதியின் 1945ஆம் ஆண்டு ரொமானே கொந்தி ஒயின் ஒரே பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. ஏல நிறுவனம் போட்ட மதிப்பு அதிகபட்சம் 32,000தான். அது இங்குள்ள போன் (Beaune) நகரத்தில் ஒயின் வணிகர் ரொபேர் துரூவானின் சொந்த நிலவறையிலிருந்து வந்த பாட்டில். கொடுத்த விலையில் பெரும்பகுதி அந்த நிலவறைக்குத்தான் என்பேன். நான்கு கை மாறி, ஒரு கோடைகாலம் கிடங்குச் சூட்டில் கிடந்த பாட்டில் வெளியே புத்தம்புதிதாகத்தான் இருக்கும். பட்டியலில் வரலாறு இல்லையென்றால் விட்டுவிடு. இருந்தால், ஒயின் மட்டம் கழுத்தடியில் இருக்கும் பாட்டில்களின் படத்தை அனுப்பச் சொல், நானும் பார்க்கிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. என் பக்கத்துத் தெருவில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா செய்த 1966 புர்கோஞ் ஒயின் நான்கைந்து பாட்டில் வீட்டு நிலவறையைவிட்டு வெளியே வந்ததே இல்லை. பெரிய பெயர் கிடையாது. நேற்று மாலை டார்ச் அடித்துப் பார்த்தேன், மட்டம் நன்றாகவே நிற்கிறது. உனக்காக ஒன்று தருகிறேன் என்றார், இரண்டு கேட்டிருக்கிறேன்.

அதை லண்டனுக்கு அனுப்பிக் குலுக்க எனக்கு மனமில்லை. நீங்கள் இருவரும் இங்கே வாருங்கள். தேதியை மட்டும் இரண்டு நாள் முன்னதாகச் சொல். வண்டல் அடியில் தங்குவதற்காகப் பாட்டிலை நிமிர்த்தி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்