பயந்த கோளாறு

அன்புள்ள கயலுக்கு,

ஜூலை 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் அவசர சிகிச்சைப் பிரிவில் டியூட்டிக்குச் சேரப்போகிறாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபிரெஸ்னோ கிளினிக்கில் நான் நர்ஸாக இருந்த காலத்தில் வந்தவர்களில் பாதிக்கு மேல் மெக்சிகோக்காரர்கள், திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். அதில் ஒரு அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். சுகர் எப்படி வந்தது என்று கேட்டால் "சுஸ்தோ" என்பார். திடுக்கென்று ஏற்படும் பயம். வழியில் வண்டியை நிறுத்திக் குடியேற்றத் துறைக்காரர்கள் கணவரைப் பிடித்துப் போனார்களே, அன்றைக்கு உடம்பில் புகுந்த பயம்தான் இந்தச் சுகர் என்பது அவர் கணக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. "நோயைப் பற்றிய புரிதல் இல்லை" என்று சார்ட்டில் எழுதினேன். எழுதியது யார் பார்! உனக்கு மூன்று வயதில் ஊரில் நாய் துரத்திக் காய்ச்சல் வந்தபோது, பயந்த கோளாறு என்று பள்ளிவாசலுக்கு மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடினவள்.

பல வருஷம் கழித்துத்தான் போஸ்ட்வில் கதையைப் படித்தேன். அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். 2008 மே 12 அன்று அங்கிருந்த இறைச்சி ஆலைக்குள் குடியேற்றத் துறை அதிகாரிகள் புகுந்து 389 பேரைப் பிடித்தார்கள். பிற்பாடு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாநிலம் முழுவதற்குமான பிறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த 37 வாரங்களில் லத்தீனோ (மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட) தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு, முந்தைய வருஷம் இதே காலத்தைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்து, குடியுரிமை உள்ள பெண்களுக்கும்தான். வெள்ளைக்காரத் தாய்மார்களிடம் அப்படி ஒரு மாற்றமும் இல்லை. சுஸ்தோ என்று அந்த அம்மாள் ஒரே வார்த்தையில் சொன்னதை இவர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள்.

கார்ட்டிசால், அட்ரினலின் என்று பயத்தில் சுரக்கிற ஹார்மோன்களைப் பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் ஏறி இறங்கினால் பரவாயில்லை. தினம் ஏறினால் பி.பி.யும் சுகரும் தூக்கமும் ஒன்றாகக் கெடும். அந்த ஆய்வில் இருந்த ஆர்லைன் ஜெரோனிமஸ் இதைப் பற்றி 1992-இலிருந்தே எழுதி வருகிறார். மழையும் வெயிலும் பட்டுச் சுவர் அரிக்கிற மாதிரி உடம்பு வயதுக்கு முன்னால் தேய்கிறது என்கிறார்.

ரெய்டுதான் வரவேண்டும் என்றில்லை. ஒருமுறை கடையில் என்னை மெக்சிகன் என்று நினைத்துக்கொண்டு, என் பையைத் திறந்து காட்டச் சொன்னாள் ஒரு பெண். காது சூடாகிவிட்டது. பையில் இருந்த நர்ஸ் அட்டையைப் பார்த்ததும் "மேடம்" என்று குரல் மாறியது. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் கை நடுங்கியது. எனக்குக் காட்ட அந்த அட்டையாவது இருந்தது.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். 1993-இல் நீ போகிற அதே ஊரின் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில், கை கால் எலும்பு முறிந்து வந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வலிக்கு மருந்தே கிடைக்காமல் போனவர்கள் வெள்ளையரில் 26 சதவீதம், லத்தீனோக்களில் 55. அந்த டாக்டர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் நான் இதை உனக்கு எழுதியிருக்க மாட்டேன். உன்னைப் போல நல்ல பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள், பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் கடைசியில். "இவர்கள் தாங்கிக்கொள்வார்கள்" என்று உன் சீனியர் யாராவது சொல்வார்கள். நீ வலிக்கிறதா என்று கேட்டு மருந்து கொடு.

அப்புறம், உன் ஸ்பானிஷ் பள்ளிக்கூட ஸ்பானிஷ். அதை நம்பாதே. மொழிபெயர்ப்பாளர் லைனில் வரப் பத்து நிமிஷம் ஆனாலும் காத்திரு. ஒன்பது வயதுப் பையன் தன் அம்மாவின் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றி அவளிடமே சொல்லும்படி விட்டுவிட்டோம் ஒருமுறை. அவன் பாதியில் நிறுத்திவிட்டுத் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் திராட்சைத் தோட்டத்து அம்மாள் அடிக்கடி வராமல் போவார். அலட்சியம் என்று நினைத்தேன். ஒருநாள் முன்னால் போய் நின்றபோதுதான் காதில் விழுந்தது: கவுண்டரில் அவரிடம் மட்டும் காகிதங்களை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுக் கேட்டார்கள். அன்று பி.பி. 168. உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்து, பேரனைப் பற்றிப் பேசவிட்டு, இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தேன். 142.

அதன் பிறகு டிசம்பர் தோறும் எனக்கென்று பன்றிக் கொழுப்புச் சேர்க்காமல் தமாலே, அதாவது அவர்கள் ஊர்ச் சோளமாவுக் கொழுக்கட்டை, அவித்துக் கொண்டுவருவார். நான் எழுதிய அந்த வரி இன்னும் அவர் சார்ட்டில் இருக்கிறது. ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த சாஃப்ட்வேர் அழிக்க விடாது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அம்மா