‘எங்க ஊரு சாமி’ செயல்திட்டம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

தலைமையாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
தருமபுரி மாவட்டம்.

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

ஊர்ச்சாமி, முனி, காத்துக்கருப்பு, கண்ணேறு இவற்றைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவதுதான் பிள்ளைகளுக்கு இந்தப் பருவத்துச் செயல்திட்டம். “பள்ளிக்கூடத்தில் பேய்க்கதை எதற்கு?” என்கிறார்கள் சிலர். “சாமி இல்லைன்னு சொல்லிக்கொடுக்கப் போறீங்களா?” என்கிறார்கள் வேறு சிலர். நடந்தது ஒன்றாக இருக்க, ஊருக்கு ஊர் விளக்கம் ஏன் மாறுகிறது என்று பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

தூக்கத்தில் பேய் அமுக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். கண் விழித்திருக்கும், கைகால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும், கத்த வராது. கனவில் ஓடுகிறவர் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அது விலகுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். பெரும்பாலும் சில விநாடி, மிஞ்சினால் சில நிமிடம். மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் அதிகம் வரும். பரீட்சை நேரத்துப் பிள்ளைகளும் இதில் சேர்த்தி. உடம்பில் நடப்பது எங்கும் ஒன்றே. ஆனால் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் வந்து உட்காருபவள் ஒரு கிழவி. நம் பக்கம் புளியமரத்து முனி. எவரைப் பற்றிக் கேட்டு வளர்ந்தோமோ அவரே வருகிறார்.

இதை வைத்து “எல்லாம் அறியாமை” என்று ஒரே வரியில் முடிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் குறையும். எவன்ஸ் பிரிட்சார்ட் என்ற மானிடவியலாளர் 1920களில் ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடையே தங்கி ஆராய்ந்தவர். அங்கே தானியக் களஞ்சியம் கம்பங்களின் மேல் நிற்கும். வெயிலுக்கு அதனடியில் ஆட்கள் உட்காருவார்கள். அது சரிந்து ஆள் அடிபட்டால் சூனியம் என்பார்கள். கம்பத்தைக் கறையான் அரித்தது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இவர் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஏன் விழுந்தது என்பதுதான் அவர்கள் கேள்வி. கறையான் அதற்குப் பதில் சொல்லாது. நம் வீடுகளில் காலையில் டாக்டர் ஊசியும் மாலையில் வேப்பிலை மந்திரிப்பும் சண்டையில்லாமல் நடப்பதும் இப்படித்தான்.

விஞ்ஞானப் பூச்சு பூசிய விளக்கத்துக்கும் மதிப்பெண் கிடையாது. புளியமரம் இரவில் கரியமில வாயு விடுவதால் அதனடியில் படுக்கக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது போல. எல்லா மரமும்தான் விடுகிறது. திறந்த வெளியில் அந்த அளவு யாரையும் ஒன்றும் செய்யாது.

பாட்டி, பெற்றோர், அண்ணன் அக்கா என்று மூன்று தலைமுறையிலும் ஒருவரைக் கேட்க வேண்டும். நோட்டில் மூன்று கட்டம்: என்ன நடந்தது, அது இன்னதென்று யார் சொன்னார், பிறகு என்ன செய்தார்கள். “பேயை நம்புறீங்களா?” என்று ஆரம்பித்தால் வேலை கெட்டது. பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிறான் என்று தெரிந்ததும் பாட்டி “அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி” என்று வாயை மூடிக்கொள்வார். தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் அவர்கள் சொல்லும் பெயரையே எழுதட்டும், தமிழ்ப்படுத்த வேண்டாம்.

அடுத்தது வேடியப்பன். நம் பகுதியில் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல, ஆடுமாடு மீட்கும் பூசலிலோ புலியோடு போராடியோ இறந்தவனுக்கு நட்ட நடுகற்கள். செத்த வீரன் சாமியாகும் வழியைத் தொல்காப்பியமே படிப்படியாகச் சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. பூசாரியிடம் கேட்டுவிட்டு உயரம், அகலம் அளந்து, ஆயுதம் எந்தக் கையில், அம்பு எங்கே தைத்திருக்கிறது, மேலே தேவமகளிர் உண்டா என்று குறிக்க வேண்டும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பதோ ஆணியால் கீறுவதோ கூடவே கூடாது. கல் பாழாகும், இல்லாத எழுத்தும் இருப்பதாகத் தெரியும். காலை எட்டு மணிக்கு முன் சாய்வெயிலில் படம் எடுத்தால் எழுத்து தானே எழும்பி நிற்கும்.

நம்பிக்கையைக் கேட்டு எழுதுவது வேறு, உயிர் போகிற நேரம் வேறு. தரையில் படுத்த பிள்ளை விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை சரிந்து, நாக்குக் குழறினால் ‘பேய் அறைஞ்சது’ என்று காத்திருக்காதீர்கள். கட்டுவிரியன் கடித்திருக்கலாம், அதன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. கட்டுப்போடாமல், கீறாமல், பிள்ளையை நடக்கவிடாமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பதால் நிற்காது, வாயில் எதையும் திணிக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மந்திரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

‘செய்வினை வைத்தார்கள்’ என்று சொல்லும்போது பக்கத்து வீட்டார், பங்காளி பெயரைப் பிள்ளைகள் எழுதக் கூடாது. எழுதியிருந்தால் ஆசிரியர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அண்மையில் துக்கம் நடந்த வீட்டுப் பிள்ளைகள் நடுகல் பகுதியை மட்டும் செய்தால் போதும். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்