நாட்டாமி என்பது வசைச்சொல்லா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் உங்கள் பத்தி எழுத்தாளர் நாடாளுமன்றக் கூச்சலைப் பற்றி எழுதும்போது 'நாட்டாமித்தனம்' என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தார். கொழும்பு, புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் ஒரு வெங்காயக் கடையில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். வாசித்ததும் சுட்டது.

தமிழ்நாட்டில் நாட்டாமை என்றால் ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் பெரியமனிதர். அதே சொல் கொழும்பில் மூட்டை சுமப்பவருக்கும் கைவண்டி இழுப்பவருக்கும் பெயராகிவிட்டது. சிங்களத்தில் அது நாட்டாமி. நாமும் அந்த உச்சரிப்பையே திருப்பி வாங்கிக்கொண்டோம். பத்திரிகையில் மட்டும் 'நாட்டாமைத் தொழிலாளர்' என்று மரியாதையாக எழுதுவோம். வீட்டிலோ, 'படிக்காவிட்டால் நாட்டாமி வேலைக்குத்தான் போவாய்' என்று பிள்ளையை ஏசுவோம். தூஷணம் பேசுகிறவனைச் சிங்களவரும் நாட்டாமி என்றுதான் திட்டுவார்கள்.

கூச்சல் போடுகிறார்கள் என்பது உண்மைதான். ஏன் என்று ஒருநாள் காலையில் வந்து பாருங்கள். ஒரு பக்கம் லொறி, மறுபக்கம் நடைபாதைக் கடை. நடுவில் மிஞ்சுகிற இடத்தில் மூட்டை அடுக்கிய வண்டியை ஒருவர் முன்னால் இழுக்க, இன்னொருவர் பின்னால் தள்ளிக்கொண்டு வருவார். அந்த வண்டிக்கு பிரேக்கும் இல்லை, ஹோர்னும் இல்லை. 'அயின் வெண்ட! அயின் வெண்ட! ஒதுங்கு!' என்று சிங்களத்திலும் தமிழிலும் போடுகிற சத்தம்தான் இரண்டுக்கும் சேர்த்து. கைபேசியைப் பார்த்தபடி குறுக்கே நிற்கிற கனவானுக்குக் கூடவே இரண்டு கெட்ட வார்த்தையும் கிடைக்கும். நானும் வாங்கியிருக்கிறேன். கடை ஆள் என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள்.

பின்னேரமானால் சிலர் குடித்துவிட்டுச் சண்டை பிடிப்பதும் உண்டு, மறைக்கவில்லை. அப்புறம் இன்னொருவரையும் சொல்லவேண்டும். மலையகத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் சுமை தூக்கியவர். சும்மாடு வைத்து வைத்து உச்சியில் முடி போனவர். மூட்டையில் ஒரு கிலோ குறைந்தாலும் தலையில் ஏற்றியதுமே சொல்லிவிடுவார். தராசில் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. மற்றபடி நாள் முழுக்க வாய் திறக்கமாட்டார். அவரும் நாட்டாமிதான்.

சபையில் கத்துகிறவர்களுக்குச் சண்டியன், காவாலி என்று நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? பத்தி எழுத்தாளர் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை,
கொட்டாஞ்சேனை.