பழைய பென்டியத்துக்கு 64 எம்பி போதும்

ஆசிரியருக்கு,

பென்டியம் கணினிகளுக்கு 1997-இல் வந்த இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் (செயலியையும் ரேமையும் இணைக்கும் சிப்கள்) உள்ள மதர்போர்டுகளில் 256 எம்பி வரை ரேம் போடலாம் என்று கடைக்காரர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதன் எல்2 கேஷ் (ரேமில் உள்ளதை வேகமாக எடுத்துத்தரும் சிறு நினைவகம்) முதல் 64 எம்பியை மட்டுமே கவனிக்கும். விண்டோஸ் 98 நினைவகத்தை மேல்முனையிலிருந்து, அதாவது கேஷ் எட்டாத பகுதியிலிருந்து, எடுப்பதால், 128 போட்டால் பல வேலைகளில் வேகம் குறையும். காசு கொடுத்து மந்தமாக்குவானேன்?

72 பின் சிம் (SIMM, பழைய வகை ரேம் பட்டை) என்றால் ஒரே அளவில் ஜோடியாகத்தான் செருக வேண்டும். பென்டியத்தின் தரவுப் பாதை 64 பிட், ஒரு சிம் 32 பிட். டிம் (DIMM, அதற்கு அடுத்து வந்த வகை ரேம் பட்டை) வாங்கினால், எட்டே சிப் உள்ள 128 எம்பி பட்டை வேண்டாம். பாதிதான் தெரியும், அல்லது போர்டு எழும்பவே எழும்பாது. 5 வோல்ட் சிம்மையும் 3.3 வோல்ட் டிம்மையும் சேர்த்துப் போடாதீர்கள், டிம் கருகிவிடலாம்.

– கணினி பழுதுபார்ப்பவர், கோவை